சீல் அடிக்க முடியாத சான்றிதழ்கள்

எங்கள் பக்கத்தில் இரண்டு வகை மனிதர்கள் இருக்கிறார்கள். யுத்தகால இடம்பெயர்வில் ஆவணங்களைத் தொலைத்தவர்கள் ஒரு வகை. தொலைக்காமல் கொண்டுவந்து சேர்த்தவர்கள் மற்ற வகை. இதில் தொலைத்தவர்கள்தான் கொடுத்து வைத்தவர்கள் என்று சொன்னால் எங்கள் ஊர் அடம்பனில் யாராவது என்னை அடிக்க வருவார்கள். வரட்டும். முழுக்கக் கேட்டுவிட்டு அடிக்கட்டும்.

எங்கள் வீடு இரண்டாவது வகை. அதற்கு முழுப் பொறுப்பும் அம்மாதான். அம்மாவிடம் ஒரு நீல ரெக்சின் பை இருந்தது. அதற்குள் ஒரு பொலித்தீன் சொப்பிங் பை, அதற்குள் இன்னொன்று, அதற்குள் மற்றொன்று, கடைசியில் எங்கள் எல்லாருடைய பிறப்புச் சான்றிதழ்கள், அப்பாவின் காணி அனுமதிப்பத்திரம், நான் ஊர்ப் பாடசாலையில் படித்து எடுத்த சாதாரண தரப் பரீட்சைச் சான்றிதழ். அடம்பனில் இருந்து இலுப்பைக்கடவை, அங்கிருந்து இன்னும் வடக்கே, பிறகு கிழக்கே என்று போன பயணத்தில் அலுமாரி ஓர் இடத்தில் நின்றுவிட்டது. கதிரைகள் இன்னோர் இடத்தில். கடைசியில் சட்டி பானையும் போனது. பை போகவில்லை. தண்ணீர் நெஞ்சளவுக்கு இருந்த ஓர் இடத்தில் அம்மா அதைத் தலையில் வைத்துக்கொண்டு நடந்தார். (அப்போது என்னை யார் பிடித்துக்கொண்டு வந்தது என்று பிறகு கேட்டேன். "நீ வளந்த பிள்ளைதானே, நடந்து வந்தனி" என்றார்.)

மீள்குடியேறி ஊருக்கு வந்தபோது வீடு இருந்த இடத்தில் எருக்கலை நின்றது. தறப்பாளைக் கூரையாகக் கட்டிக் கொட்டில் போட்டோம். அது ஒழுகியது. மழை நாட்களில் நாங்கள் படுக்க இடம் தேடுவதற்கு முன் அம்மா பைக்கு இடம் தேடினார். பை காய்ந்த மூலையில் இருந்தது. நாங்கள் நனைந்த மூலையில் இருந்தோம்.

இந்த நிலைமையில்தான் நான் தொழில்நுட்பக் கல்லூரியில் கட்டட வரைபடம் படித்து, ஒரு வீட்டுத்திட்டத்தில் தொழில்நுட்ப உதவியாளராக வேலைக்குச் சேர்ந்தேன். அத்திவாரத்துக்கு மேலே ஈரம் ஏறாமல் தடுப்பது எப்படி என்று ஊர் ஊராகச் சொல்லிக்கொண்டு திரிந்தேன். அப்படிப்பட்டவளின் வீட்டில் சான்றிதழ்கள் சொப்பிங் பைக்குள் இருக்கலாமா? முதல் சம்பளத்தில் எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு மன்னார் ரவுனில் போட்டோக்கொப்பி, லமினேட் எல்லாம் செய்யும் ஹனீபா நானாவின் கொமினிக்கேசன் கடைக்குப் போனேன்.

"எல்லாத்தையுமா மகள் லமினேட் பண்ண?" என்று நானா கேட்டார்.

"எல்லாத்தையும் நானா."

"ஒரிஜினலையுமா?"

"ஒரிஜினலைத்தானே பாதுகாக்க வேணும். கொப்பியை ஏன் பாதுகாக்க வேணும்?"

"அதுவும் நியாயந்தான்" என்று அவர் மெசினைப் போட்டார். சூடான பிளாஸ்டிக் மணம் எழும்பியது. ஒவ்வொன்றாக வெளியே வந்தது. விறைப்பாக, பளபளப்பாக, மூலைகள் உருண்டு. "இனிக் கடலுக்குள்ள போட்டாலும் ஒண்டும் ஆகாது" என்று நானா சொன்னார். அன்று அந்த வாக்கியத்தைவிட இனிமையான ஒன்றை நான் கேட்டதில்லை.

அதற்குப் பிறகு எனக்கு அது ஒரு பழக்கமாகப் பிடித்துக்கொண்டது. டிப்ளோமா கிடைத்த அன்றே லமினேட் செய்தேன். பஸ் நேர அட்டவணையை லமினேட் செய்தேன். அம்மாவின் கிளினிக் அட்டையைக்கூட விடவில்லை. அடுத்த தரம் அதில் பிரஷர் அளவை எழுத முடியாமல் கிளினிக் மிஸ் ஏசியதாக அம்மா வந்து சொன்னார். (அந்த இடத்திலேயே எனக்கு விளங்கியிருக்க வேண்டும். நான் அதைக் கிளினிக்கின் பிழையாக எடுத்துக்கொண்டேன்.)

வீட்டுத்திட்டம் முடியும் காலம் வந்தது. நறுவிலிக்குளத்தில் கடைசி வீடுகளுக்குக் கூரை ஏறிக்கொண்டிருந்தது. அடம்பனில் எங்கள் வீட்டுக்கு மட்டும் ஏறவில்லை. எங்களுக்குக் கிடைத்த வீட்டுக்காசு சுவரோடு முடிந்துவிட்டது. ஊரில் உள்ளவர்களின் கூரைக்கெல்லாம் சரிவு பார்த்துக் கையெழுத்து வைத்துவிட்டு, பின்னேரம் வந்து நான் தறப்பாளுக்குக் கீழே படுத்தேன். அந்த நேரத்தில்தான் கட்டாரில் ஒரு கட்டட நிறுவனத்தில் வரைபட வேலை சரிவந்தது. சுருக்கமாகச் சொன்னால், எங்கள் வீட்டுக் கூரை கட்டாரில் இருந்தது. நான் போய் எடுத்துவர வேண்டும். அவர்கள் கொடுத்த திகதிக்குள் காகிதங்கள் போய்ச் சேராவிட்டால் இடம் வேறு ஆளுக்குப் போய்விடும்.

நிறுவனம் தேவையான ஆவணங்களின் பட்டியலை அனுப்பியிருந்தது. நான் அதைப் பார்த்து எனக்கென ஒரு பட்டியல் தயாரித்தேன். உப தலைப்புகள், கட்டங்கள், கடைசித் திகதிகள், யார் பொறுப்பு என்று ஒரு நிரல். (எல்லா வரிசையிலும் "நான்" என்றே இருந்தது.) பிறகு அந்தப் பட்டியலையும் லமினேட் செய்தேன். மார்க்கர் பேனையால் சரி போடலாம், பிழையென்றால் துடைத்துவிடலாம். அப்போது இது எனக்குப் பெரிய கண்டுபிடிப்பாகத் தெரிந்தது.

நிறுவனத்தின் பட்டியலில் ஒரு வரி: சொந்த நாட்டில் வரிப் பாக்கி இல்லை என்பதற்கான கடிதம், பொருந்துமானால். என் சம்பளம் வரி கட்டும் அளவுக்கு எட்டியதே இல்லை. ஆகவே பொருந்தாது. ஆனால் பொருந்தாதவற்றையும் செய்து வைப்பதுதான் ஒழுங்கான ஆட்களின் அடையாளம் என்று நான் நம்பியிருந்தேன். பஸ் ஏறி அடுத்த மாவட்டத்து வரிக் கந்தோருக்குப் போனேன். அங்கே மேசையில் இருந்த உத்தியோகத்தர் அமைதியான மனிதர்.

"உங்கட வரிக் கோப்பு இலக்கம் என்ன?"

"கோப்பு இல்லை சேர். என்ரை சம்பளம் வரிக்கு எட்டேல்லை."

"எட்டாட்டி ஏன் இஞ்ச வந்தனீங்கள்?"

"வரிப் பாக்கி இல்லை எண்டு ஒரு கடிதம் வேணும்."

"கோப்பு இருந்தால்தானே பிள்ளை பாக்கி இருக்கோ இல்லையோ எண்டு பாக்கலாம்."

"அப்ப கோப்பு இல்லை எண்டு ஒரு கடிதம் தாங்கோ."

"இல்லாத கோப்பைப் பற்றி எப்பிடிக் கடிதம் எழுதுறது?"

அவர் சொன்னதில் ஒரு பிழையும் இல்லை. அதுதான் களைப்பு. யாராவது பிழையாகக் கதைத்தால் சண்டை பிடித்து உடம்பில் ஒரு சூட்டை ஏற்றிக்கொள்ளலாம். எல்லாரும் சரியாகக் கதைக்கும் இடத்தில் மனிதர் சோர்ந்துதான் போக வேண்டும். கடைசியில் என் பெயரில் ஒரு கோப்பைத் திறந்தோம். அதில் காட்ட ஒன்றும் இல்லை என்று ஒரு கூற்று எழுதிக் கொடுத்தேன். பிறகு இன்னொரு நாள் போய், இனி இந்தக் கோப்பில் வேலை இல்லை என்று விண்ணப்பித்தேன். அதற்குப் பிறகு இன்னொரு நாள் கடிதம் கிடைத்தது. வரி கட்டத் தேவையில்லாத ஒருத்தி, அதை நிரூபிப்பதற்காக வரி கட்டுபவளாகப் பதிந்து விலகிய கதையை வீட்டில் சொன்னேன்.

"விதைக்காத வயலிலை நெல்லுச் சூடு மிதிச்ச மாதிரிக் கிடக்கு" என்றார் அப்பா.

அந்தக் கடிதத்தையும் வரும் வழியில் ஹனீபா நானாவிடம் கொடுத்து லமினேட் செய்துகொண்டுதான் வந்தேன் என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டுமா?

இப்போது எஞ்சியிருந்தது கொழும்பு வேலை மட்டும். வெளிநாட்டுக்குப் போகும் ஆவணங்களை உறுதிப்படுத்தும் அத்தாட்சிக் கந்தோரில் சான்றிதழ்களைக் கொண்டுபோய்க் கொடுத்தால், அவற்றின் பின்புறத்தில் சீல் அடித்துக் கையெழுத்து வைத்துத் தருவார்கள். அந்த நீலப் பை முதல் தடவையாக அம்மாவின் கையை விட்டுப் பிரிந்தது. "மடியிலை வைச்சிரு. பஸ்ஸிலை மேல் தட்டிலை வைச்சியோ, தெரியும்" என்றார் அம்மா. துணைக்கு அப்பா வந்தார். நல்ல வேட்டி கட்டியிருந்தார். என் ஆவணங்கள் கொழும்பைச் சந்திக்கப் போவதில் அவருக்கும் ஒரு பெருமை இருந்தது.

வரிசை நீளம். எல்லார் கையிலும் மடிந்த, மஞ்சளான, ஓரம் கிழிந்த காகிதங்கள். நான் அவற்றை இரக்கத்தோடு பார்த்தேன். (இதை நினைத்தால் இப்போதும் காது சூடாகிறது.) எங்கள் முறை வந்தது. கவுண்டரில் இருந்த சிங்கள இளைஞர் என் சாதாரண தரச் சான்றிதழை எடுத்தார். திருப்பினார். ஓரத்தை நகத்தால் சுரண்டிப் பார்த்தார்.

"மிஸ், பேப்பர் எங்க?"

"இதுதான்."

"இது பிளாஸ்டிக்."

"பேப்பர் உள்ளுக்கை இருக்கு."

"உள்ளுக்கு இருந்தா நான் எப்படி சீல் அடிக்கிறது?"

"மேலாலை அடியுங்கோவன்" என்றேன். அப்போதும் எனக்கு நிலைமை விளங்கவில்லை.

அவர் கோபப்படவில்லை. சும்மா ஒரு திகதி முத்திரையை எடுத்து, என் வரிக் கடிதத்தின் மேல் ஓங்கிக் குத்தினார். ஊதினார். பிறகு பெருவிரலால் ஒரு தரம் இழுத்தார். முத்திரை இருந்த இடத்தில் ஒன்றுமே இல்லை.

அப்பா எட்டிப் பார்த்தார். "பாத்தீங்களோ தம்பி," என்றார் மலர்ந்த முகத்தோடு, "ஒரு துளி நிக்கேல்லை. நல்ல சாமான்."

எங்களுக்குப் பின்னால் வரிசை சிரித்தது. மஞ்சளான, ஓரம் கிழிந்த காகிதங்களை வைத்திருந்த அத்தனை பேரும் சிரித்தார்கள். "எல்லாமே இப்படியா?" என்று அந்த இளைஞர் கேட்டார். நான் ஒவ்வொன்றாக எடுத்து வைத்தேன். பிறப்புச் சான்றிதழ், டிப்ளோமா எல்லாம் மேசையில் ஒன்றன்மேல் ஒன்று வழுக்கின. கடைசியாகத் தவறுதலாகப் பட்டியலும் வந்து விழுந்தது. அவர் அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, அடுத்த கவுண்டர்க்காரரிடம் கொடுத்தார். அவர் அதற்கடுத்தவரிடம் கொடுத்தார். பட்டியல் திரும்பி வர நேரம் எடுத்தது.

ஊர் திரும்பி முதலில் ஹனீபா நானாவிடம் போனேன். இதை உரிக்க வழி உண்டா என்று கேட்டேன். அவர் சான்றிதழை வாங்கி வளைத்துப் பார்த்தார். வேலையின் தரம் அவருக்கே மலைப்பாக இருந்தது போலும்.

"நாங்க ஒட்டுற ஆக்கள் மகள். உரிக்கிற ஆக்கள் இல்ல."

கொழும்பு வரிசையில் நின்ற ஒரு பெண் சூடு காட்டினால் கழலும் என்று சொல்லியிருந்தார். நான் படித்தவள் ஆயிற்றே, நேரடியாகச் சான்றிதழில் கை வைப்பேனா? முதலில் ஒரு மாதிரியை எடுத்துப் பரிசோதிக்க வேண்டும். பட்டியலை எடுத்தேன். துணி போட்டு, அதன்மேல் அம்மாவின் ஸ்திரிக்கைப் பெட்டியைச் சிரட்டைக்கரி போட்டுச் சூடாக்கி வைத்தேன். பிளாஸ்டிக் அழகாகக் கழன்றது. எழுத்துகளும் அதோடு கழன்றன. என் கையில் சுத்தமான வெள்ளைத் தாள் இருந்தது. உப தலைப்புகள், கட்டங்கள், கடைசித் திகதிகள் எல்லாம் சுருண்ட பிளாஸ்டிக்கில் பின்பக்கமாக ஒட்டிக்கொண்டிருந்தன. நான் போய்த் தறப்பாளுக்குக் கீழே படுத்துக்கொண்டேன். அடுத்து என்ன செய்ய வேண்டும் என்பது அந்தப் பட்டியலில்தான் இருந்தது.

பிறகு ஒவ்வொன்றாக மீண்டும் அலைந்தேன். பிறப்புப் பதிவில் புதுப் பிரதி எடுக்க முடிந்தது. கல்லூரியில் பேச்சு வாங்கிக்கொண்டு டிப்ளோமாவுக்குப் பதில் பிரதி வாங்கினேன். வரிக் கந்தோர்க்காரர் என்னைக் கண்டதும், "திரும்பவும் கோப்பைத் திறக்கப் போறீங்களோ?" என்று கேட்டுவிட்டுக் கடிதத்தை மறுபடி அடித்துத் தந்தார். சாதாரண தரச் சான்றிதழ்தான் மலையாக நின்றது. அது தொலைந்தோ அழிந்தோ போயிருந்தால் மட்டும் மறுபிரதி தருவார்கள். என்னுடையது தொலையவுமில்லை, அழியவுமில்லை. இலங்கையிலேயே அதைவிட நல்ல நிலைமையில் ஒரு சான்றிதழ் இருந்திருக்காது.

இந்த இடத்தில் என் மச்சாள் வசந்தி வருகிறாள். மாமாவின் மகள், பக்கத்து வளவு. அவர்கள் குடும்பம் முதலாவது வகை. எல்லாவற்றையும் தொலைத்துவிட்டு வந்தவர்கள். அரசாங்க உத்தியோகத்தர்கள் ஊருக்கே வந்து பாடசாலையில் நடமாடும் சேவை நடத்தியபோது போய், தொலைந்தது என்று ஒரு சொல் சொல்லி, எல்லாச் சான்றிதழ்களையும் புதிதாக எடுத்து வைத்திருந்தாள்.

"துலைக்கத் தெரியாட்டி என்னட்டைக் கேட்டிருக்கலாமே இஞ்சினியர் மச்சாள்" என்றாள் வேலிக்கு மேலால். "வாற கிழமை திரும்ப நடமாடும் சேவை வருகுது. படிவத்திலை காரணம் எண்டு ஒரு கோடு இருக்கும். 'இடம்பெயர்வில் தொலைந்தது' எண்டு எழுதிக் குடு. ஒருத்தரும் ஒண்டும் கேளாயினம். இஞ்ச ஆருக்குத்தான் துலையேல்லை?"

எனக்கு அது சரியாகப் பட்டது. யாருக்கும் நட்டமில்லை. திகதி நெருங்கிக்கொண்டிருந்தது. அந்த நாள் வந்ததும் பாடசாலைக்குப் போய்ப் படிவத்தை எடுத்து, ஒரு மர வாங்கில் உட்கார்ந்து நிரப்பத் தொடங்கினேன். துணைக்கு வந்த அம்மா பக்கத்தில் பையோடு இருந்தார். அவர் வாசிப்பதை நான் கவனிக்கவில்லை.

"என்னடி எழுதுறாய்?"

"சும்மா ஒரு காரணம் அம்மா."

"துலைஞ்சது எண்டோ எழுதுறாய்?"

"எல்லாரும் அப்பிடித்தான்—"

"எல்லாருக்கும் துலைஞ்சது. அவையள் எழுதினம். எனக்கு எங்கையடி துலைஞ்சது?" அம்மாவின் குரல் உயர்ந்தது. மற்ற மேசைகளில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். "சாமான் எல்லாம் விட்டனான். உன்ரை அம்மம்மா தந்த பெட்டகம் விட்டனான். இதை விடேல்லை. இதைத் தலையிலை வைச்சுக்கொண்டு வந்தனான். அதைப் போய் நீ துலைஞ்சது எண்டு அரசாங்கத்துக்கு எழுதிக் குடுக்கப் போறியோ?"

"அம்மா, எழுதாட்டி வேலை போயிடும்."

"போகட்டும்."

"கூரை?"

அம்மா எழும்பி, பையைத் தூக்கிக்கொண்டு நேரே மேசைக்குப் போனார். நான் பின்னால் ஓடினேன். மேசையில் இருந்தவர் கண்ணாடி போட்ட ஒரு பெண் உத்தியோகத்தர். காலையில் இருந்து தொலைந்த கதைகளைக் கேட்டுக் கேட்டுக் களைத்த முகம். அம்மா பையைத் திறந்து, சொப்பிங் பைகளை ஒவ்வொன்றாக உரித்து, சான்றிதழை எடுத்து அவர் முன்னால் வைத்தார்.

"இது துலையேல்லை" என்றார். "துலைஞ்சது எண்டு எழுத நான் விடமாட்டன். ஆனா இவளுக்குப் புதுசு ஒண்டு வேணும். என்ன எழுதலாமோ அதை எழுதுங்கோ."

உத்தியோகத்தர் சான்றிதழைத் தூக்கினார். தட்டிப் பார்த்தார். என்னைப் பார்த்தார். "பிள்ளை, இதைச் செய்தது ஆர்?"

"நான்தான்."

"என்ன படிச்சனீங்கள்?"

சொன்னேன். அவர் அம்மாவின் பக்கம் திரும்பினார்.

"முழுக்கக் கொண்டு வந்தனீங்களோ அம்மா? தண்ணிக்குள்ளாலையும்?"

"ஓம்."

"என்ரை ஒண்டும் வரேல்லை" என்றார் அவர். கொஞ்ச நேரம் சான்றிதழைக் கையிலேயே வைத்திருந்தார். பிறகு படிவத்தை இழுத்து, நான் எழுதத் தொடங்கியிருந்த சொல்லை ஒரு கோடு போட்டு வெட்டிவிட்டு, "வேறு காரணம்" என்ற இடத்தில் தானே எழுதினார். தலைகீழாக வாசித்தேன். "அதிக பாதுகாப்பினால் பாவிக்க முடியாமற் போனது."

"இப்பிடி எழுதலாமோ மிஸ்?" என்று கேட்டேன்.

"உண்மைதானே" என்றார். சீலை எடுத்து அடித்தார்.

அம்மா உடனே குனிந்து, அந்தச் சீலைப் பெருவிரலால் இழுத்துப் பார்த்தார். கொழும்புக் கதை அவர் மனதில் அவ்வளவு ஆழமாகப் பதிந்திருந்தது. ஈர மை படிவத்தில் ஒரு சாண் நீளத்துக்கு இழுபட்டது.

"அம்மா! காயேல்லை!" என்றார் உத்தியோகத்தர்.

"ஆனா நிக்குது" என்றார் அம்மா திருப்தியாக. எங்களுக்கு இன்னொரு படிவம் நிரப்ப வேண்டியிருந்தது.

புதுச் சான்றிதழ் வந்து, அதோடு கொழும்புக்கு மறுபடி போனேன். அதே இளைஞர். நான் நீட்டிய தாள்களை ஒவ்வொன்றாக விரலால் தடவிப் பார்த்துவிட்டுத்தான் சீல் அடித்தார். நிறுவனத்தின் திகதி அதற்குள் தாண்டிவிட்டது. நல்லகாலம், அவர்களுடைய விசா வேலையும் எங்கோ ஒரு கந்தோரில் தாமதமாகிக் கிடந்தது. கட்டாருக்குப் போய்ச் சேர்ந்த முதல் நாள், ஆவணங்களைச் சரிபார்த்த கேரளத்துக்காரர் வரிக் கடிதத்தை எடுத்துப் பார்த்துவிட்டு, இது எங்களுக்குத் தேவையில்லையே என்று திருப்பித் தந்தார். நான் அதை வாங்கிக்கொண்டேன்.

கூரை ஏறியது. நானும் இடையிடையே வந்து போகிறேன். முதல் தடவை வந்தபோதே புதுச் சான்றிதழ்களை அம்மா வாங்கி நீலப் பைக்குள் வைத்துவிட்டார். ஆனால் எங்கள் வீட்டில் அந்தப் படிவத்து வாக்கியம் மட்டும் போகவே இல்லை. விருந்தாளிக்கு என்று எடுத்து வைத்த தயிர் புளித்துப்போனால் அப்பா சொல்வார்: "அதிக பாதுகாப்பினால் பாவிக்க முடியாமற் போனது." விசேஷத்துக்கு என்று பூட்டி வைத்த சேலையைப் பாச்சை அரித்தாலும் அதுதான். எனக்கு வந்த கல்யாணப் பேச்சுகளை எல்லாம் கட்டம் போட்டு ஆராய்ந்து நான் தள்ளிவிட்ட காலத்தில் வசந்தி அதையே என்னைப் பற்றியும் சொன்னாள்.

போன மாரியில் குளம் உடைந்து எங்கள் வளவுக்குள் வெள்ளம் வந்தது. நான் கட்டாரில் இருந்தேன். தண்ணீர் வற்றியபிறகு அம்மா தொலைபேசியில் எடுத்தார். எல்லாரும் சுகம், மாடுகளும் சுகம், அலுமாரிக்குள் தண்ணீர் போய்விட்டது என்றார். பிறகு அவர் குரலில் ஒரு மாற்றம் வந்தது.

"பைக்குள்ளையும் தண்ணி போட்டுது பிள்ளை. அந்தப் புதுச் சான்றிதழ் எல்லாம் கூழ். ஆனா உன்ரை பழசு இருக்கெல்லே, நானா ஒட்டினது? ஒண்டும் ஆகேல்லை. துடைச்சு வைச்சிருக்கிறன். புதுசு மாதிரிக் கிடக்கு."

நான் பதில் சொல்ல வாயெடுக்க முன், பின்னால் இருந்து வசந்தியின் குரல் கேட்டது.

"மாமி, ஒருக்கா விரலாலை இழுத்துப் பாருங்கோ. இப்பவாவது சீல் நிக்குமோ தெரியாது!"